பதினாலு பேர் வெளியே வந்தார்கள்

நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய் என்று யாராவது பேச்சை எடுத்தால், "என் காதுல பூ சுத்தாதே" என்று எழுந்து போகிற ரகம் நான். ஆனால் இது நடந்தது என் அண்ணிக்கு. என் அண்ணி தையல்காரி. வெட்டின துணியில் ஒரு சாண் மிச்சமானாலும் மடித்துப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பொய் சொல்லி அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. சொல்லி அவள் இழந்ததுதான் அதிகம். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எழுதியிருக்கிறேன். நேரம் உட்பட.

எங்கள் பகுதியில் வருஷத்துக்கு ஒரு தடவை பெண்கள் வாரம் நடத்துவார்கள். ஊரில் வாழ்ந்த, உழைத்த, யாரும் கண்டுகொள்ளாத பெண்களை நினைவுபடுத்துகிற வாரம். நூலகத்தில் புகைப்படக் கண்காட்சி, ஒரு சொற்பொழிவு, முன்வரிசையில் நாலு பேர் தூக்கம். வழக்கமாக அவ்வளவுதான். அதை நடத்துகிற வரலாற்று டீச்சருக்கு அது போதவில்லை. "உக்காந்து கேட்டா தூங்கத்தான் செய்வாங்க, நடக்க விடுவோம்" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான் அந்த நடை. நூலகத்தில் தொடங்கி, ஊரின் முதல் பெண் மருந்தாளுநர் கடை வைத்திருந்த தெரு வழியாக, பழைய பழ டப்பா ஆலைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப நூலகம். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஆலைதான் அதில் முக்கியம். முப்பது வருஷமாக மூடிக் கிடக்கிற இடம். அங்கே பழம் வெட்டியது, டப்பாவில் அடைத்தது, மூடி போட்டது எல்லாமே பெண்கள். உட்கார ஆளுக்கு ஒரு முக்காலி வேண்டும் என்று பதினேழு நாள் வேலையை நிறுத்தியவர்கள். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் கிடையாது. பெயர் இருப்பது ஒரே ஒரு இடத்தில்தான். ஆலையின் குளிர் அறையில், உள்சுவரில், பழம் வெட்டுகிற கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள்.

நடைக்கு என்று ஒரு ஒழுங்கு உண்டு. டீச்சர் முன்னால் பேசிக்கொண்டே போவாள். அண்ணி கடைசியில் வருவாள். அவளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, வெளியே வருகிறவர்களை எண்ண வேண்டும். அதற்கு உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன எண்ணி கொடுத்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று ஓர் எண் ஏறும். குழுவில் டீச்சருக்குத் 'தலை' என்று பெயர், அண்ணிக்கு 'வால்'. "வாலாட்டாம வாங்க" என்று கிண்டல் வேறு.

நடக்க வந்தவர்கள் பதினாலு பேர். எல்லாருக்கும் ஆலைப் பெண்கள் போட்டிருந்த மாதிரியே சாம்பல் நிற மேலங்கி. தைத்தது அண்ணி. கழுத்துப் பின்னால் கட்டுவதற்கு நாடா வைத்தால் நேரமாகும் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டுப்பட்டைதான் வைத்தாள். ஒட்டினால் ஒட்டும், இழுத்தால் வரும். அவர்களுக்குப் பதினாலு, தனக்கு ஒன்று. டீச்சர் மட்டும், போட்டால் குண்டாகத் தெரிவேன் என்று வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி அண்ணியின் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். அம்மா போன பிறகு அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்தது அண்ணிதான். சுவரில் இருக்கிற பெயர்களைப் படம் எடுத்துக் கண்காட்சியில் பெரிதாக மாட்ட வேண்டும் என்பது சின்னவளின் ஆசை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. உறிஞ்சுகிற மருந்தை எங்கே போனாலும் மறந்துவிடுவாள். அதனால் அது எப்போதும் அண்ணியின் பையில்தான் இருக்கும், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் 5:02. நூலக வாசல். டக், டக், டக்... பதினாலு.

5:31. மருந்துக்கடைத் தெரு. பதினாலு.

5:42. ஆலை கேட். அங்கே வாட்ச்மேனும் தன் பங்குக்கு விரல் விட்டு எண்ணினார். பதினாலு. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

முதலில் வெட்டுக்கூடம். நீளமான மேஜை, கூரையில் பாதி ஓடு இல்லை. குளிர்காலம், சீக்கிரம் இருட்டுகிற நாள். வழிநெடுக ஒயர் இழுத்து நாலைந்து பல்பு மாட்டியிருந்தார்கள். டீச்சர் எல்லாரையும் அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி மேஜையோரம் வரிசையாக நிற்கச் சொன்னாள். கடைசி ஆள் எப்போதும் எல்லாருடைய முதுகையும்தான் பார்ப்பாள். அண்ணி பார்த்தாள். வரிசையின் அந்தக் கோடியில் ஒருத்தி மட்டும் லேசாகச் சாய்ந்து, இடது காலைத் தூக்கி மேஜைக்கு அடியில் ஓடுகிற குழாய்மேல் வைத்து நின்றாள்.

அதற்கப்புறம்தான் டீச்சர் சொன்னாள், எட்டு மணி நேரம் நின்றால் இடுப்பு விட்டுப்போகும், அதனால் ஒரு காலைத் தூக்கி இந்தக் குழாய்மேல் வைத்துக்கொள்வார்கள், மாற்றி மாற்றி, என்று. எல்லாரும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். அண்ணிக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்தது. டீச்சர் சொல்வதற்கு முன்னாடியே இவள் எப்படி வைத்தாள்? சரி, எங்கேயாவது படித்திருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

கூடத்திலிருந்து வெளியே வரும்போது எண்ணினாள்.

பதினைந்து.

நிற்க வைத்துத் திரும்ப எண்ணினாள். பதினாலு. விரல் ஒரு தடவை கூடுதலாக அழுத்தியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தச் சந்தேகம்தான் பின்னால் அவளை வாட்டியது. ஒரு தடவை தப்பாக எண்ணியவள் இன்னொரு தடவையும் தப்பாக எண்ணமாட்டாளா என்று எல்லாரும் கேட்டார்கள்.

6:03. குளிர் அறை.

முப்பது வருஷமாக அங்கே குளிர் கிடையாது. பெயர்தான் குளிர் அறை. சுவர் முழுக்கத் தடித்த கார்க். உள்ளே குரல் கொடுத்தால் ஆறடிக்கு மேல் போகாது. இடையிடையே ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள். கதவு ஒரு சாண் கனம். ஒரு ஆள் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் நகரும். மூடினால் வெளியே ஒரு தாழ் தானாக விழும். உள்பக்கத்தில் பிடி கிடையாது. பித்தளைப் பிடி என்று யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாரும் உள்ளே போனார்கள். அண்ணி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேலை அதுதான். உள்ளே கைப்பேசி வெளிச்சங்கள் அலைந்தன. "இங்க பாரு, இங்க ஒரு பேரு" என்ற சத்தம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி கேட்டது. பத்து நிமிஷம். டீச்சர் வெளியே வந்து, நேரமாச்சு கிளம்பலாம் என்று முன்னால் நடந்தாள்.

அண்ணி எண்ண ஆரம்பித்தாள். டக்... டக்... டக். தலையைக் குனிந்து நிலைப்படி தாண்டி ஒவ்வொருவராக வந்தார்கள். பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அப்புறம் மெதுவாக இன்னொருத்தி வந்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பியபடியே.

டக். பதினாலு.

அவள் தாண்டிப் போனபோது சில்லென்று காற்றடித்தது. ஐஸ்பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி. அண்ணி அவள் முதுகைப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் ஒட்டுப்பட்டை இல்லை. நாடா. இரண்டு நாடாவை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. பட்டை பிய்ந்துபோய் யாரோ நாடா வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் போல, என் தையல் இவ்வளவு லட்சணமா என்றுதான் அண்ணிக்கு முதலில் தோன்றியது. தையல்காரி புத்தி.

"யாராச்சும் உள்ள இருக்கீங்களா?"

பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. கணக்குத்தான் சரியாக இருக்கிறதே. தோள் கொடுத்துக் கதவைத் தள்ளினாள். 'டொம்' என்று மூடியது. தாழ் விழுந்தது. 6:14.

திரும்புகிற வழி. தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரிந்தது. முன்னால் சாம்பல் முதுகுகள் இரண்டிரண்டாகப் பேசிக்கொண்டு போயின. கடைசியில் தனியாக அந்த நாடா கட்டியவள். அண்ணிக்கும் அவளுக்கும் எட்டடி தூரம். அண்ணி வேகமாக நடந்தாலும் எட்டடி. மெதுவாக நடந்தாலும் எட்டடி...

"ஏங்க, பட்டை பிஞ்சிடுச்சா? குடுங்க, தெச்சுத் தரேன்."

அவள் திரும்பவில்லை.

மேலங்கியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்றைக்கு மழை கிடையாது.

நூலகத்துக்கு முந்தின திருப்பத்தில் அவள் திரும்பினாள். ஐந்து எண்ணுவதற்குள் அண்ணியும் திரும்பிவிட்டாள். முன்னால் கைகோத்தபடி இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நாடா கட்டியவளைக் காணோம்.

6:41. நூலகம். எல்லாரும் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். அண்ணி அவற்றை மடித்து எடுத்துவைத்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒட்டுப்பட்டை. ஒன்றுகூடப் பிய்யவில்லை.

பதிமூன்று.

எண்ணியைப் பார்த்தாள். பதினாலு.

அப்போதுதான் அவள் முகங்களைப் பார்த்தாள். அதுவரைக்கும் முதுகுகளைத்தான் எண்ணியிருந்தாள். மருந்துக்கடைக்காரி இருக்கிறாள், வங்கியில் வேலை செய்கிற இரண்டு பேர் இருக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறாள்... சின்னவள் எங்கே?

கழிவறையில் இல்லை. வாசலில் இல்லை. போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. அண்ணி பையைத் திறந்தாள். மருந்து பையில்தான் இருந்தது.

6:49. ஓடினாள்.

ஆலை கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். வாட்ச்மேன் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு எழுந்து வந்தார். உள்ளே யாரும் இல்லை என்று அடித்துச் சொன்னார். வெளியே போகும்போது அவரே எண்ணினாராம்.

"பதினாலு பேரும்மா. நான் கண்ணால பாத்தேன்."

"அதுல என் தங்கச்சி இல்லங்க. திறங்க."

திறந்தார். பல்பு ஒயரைச் சுருட்டிவிட்டார்கள், இருங்க பெரிய டார்ச் எடுத்துட்டுப் பின்னாடியே வரேன் என்றார். அண்ணி காத்திருக்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் உள்ளே ஓடினாள்.

7:02. வெட்டுக்கூடம்.

வெளிச்சம் மேஜையின் மேல் போயிற்று.

அந்தக் கோடியில்... சாம்பல் முதுகு. லேசாகச் சாய்ந்து. இடது கால் குழாய்மேல்.

அண்ணி நின்றுவிட்டாள். கைப்பேசி கீழே விழுந்தது. திரும்ப எடுத்துக் காட்டினாள். யாரும் இல்லை. குழாயில் மட்டும் ஈரம்.

திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்ததாம். மறைக்காமல் சொன்னாள். வேறு யாருக்காகவாவது என்றால் ஓடித்தான் இருப்பேன் என்றாள்.

அந்த மேஜையோரமாகவே நடந்தாள். கண்ணைத் தரையை விட்டு எடுக்கவில்லை.

குளிர் அறை. காதை வைத்துக் கேட்டாள். சத்தம் இல்லை. தாழைத் தூக்கி இழுத்தாள். கதவு திறந்தது.

"சின்னவளே..."

உள்ளே, எங்கேயோ அலமாரிகளுக்குப் பின்னால், ஒரு விசில். மூச்சு இழுக்கிற விசில். உயிரோடு இருக்கிறாள்.

அண்ணி நிலைப்படியில் நின்றாள். கதவை யாராவது பிடிக்க வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக வந்து கதவோரம் நின்றது. வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"கதவைப் புடிச்சுக்கங்க. விட்டுடாதீங்க."

உள்ளே போனாள். ஒரு அலமாரி. இரண்டாவது. மூன்றாவது.

சின்னவள் சுவரோரம் சுருண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. பேச முடியவில்லை. மருந்தை வாயில் வைத்து அழுத்தினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. நெஞ்சு ஏறி இறங்கியது.

அப்போது தூரத்தில், வெட்டுக்கூடத்துக்கும் அந்தப் பக்கம், வாட்ச்மேன் குரல்.

"அம்மா... எங்க இருக்கீங்க?"

கதவு நகர ஆரம்பித்தது.

மெதுவாக. ஒரு ஆள் தோள் கொடுத்துத் தள்ளுகிற வேகத்தில்.

அண்ணி பாய்ந்தாள். பையிலிருந்து கையில் அகப்பட்டது கத்தரிக்கோல். ஒரு சாணுக்கு மேல் நீளம், கெட்டி இரும்பு. இடுக்கில் செருகினாள்.

'கிரீச்...'

கதவு அதன்மேல் வந்து நின்றது. இரும்பு வளைந்தது. ஒரு விரல் இடைவெளி.

அந்த இடைவெளி வழியாகச் சில்லென்று காற்று வந்தது. அப்புறம் வெளியே துணி உரசுகிற சத்தம். யாரோ மிக நெருக்கமாகக் குனிந்த மாதிரி.

அண்ணி தள்ளினாள். மறுபக்கமும் தள்ளியது.

தள்ளினாள்...

தள்ளினாள்...

சட்டென்று பாரம் விட்டுப்போனது. கதவு திறந்து, டார்ச் வெளிச்சத்தில் வாட்ச்மேன் நின்றார். வழியில் யாரையும் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். 7:09.

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அறை பெரியதுதான், காற்று போதும், ஆனால் அந்தத் தூசியும் பூஞ்சையும் இன்னும் பத்து நிமிஷம் நுரையீரலுக்குள் போயிருந்தால் நிலைமை வேறு என்றார் டாக்டர். பேச முடிந்ததும் சின்னவள் அக்காவைப் பார்த்து முதலில் கேட்டது இதுதான்.

"ஏன்க்கா கதவை மூடின? நீதானே நிக்கச் சொன்ன?"

உள் மூலையில் பெயர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். எல்லாரும் கிளம்புவது தெரிந்து, நிலைப்படிப் பக்கம் பார்த்தாளாம். உள்ளே, வாசலோரம், சாம்பல் மேலங்கியில் அக்கா முதுகு காட்டி நின்றிருந்தாளாம். கையைப் பின்னால் நீட்டி, இருக்கட்டும், மெதுவா எடு என்பது போல ஆட்டினாளாம். அக்கா நிற்கிறாளே என்ற தைரியத்தில் இவள் திரும்பி இன்னும் நாலு பெயர் எடுத்திருக்கிறாள்.

அண்ணி அன்றைக்கு அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. 7:04 வரைக்கும்.

இதை யார் நம்புவார்கள்? சின்னவளின் புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே, எண்ணத் தெரியாதவங்க எதுக்கு அந்த வேலைக்குப் போகணும் என்று கேட்டான். அதற்கப்புறம் அவளை அக்கா வீட்டுப் பக்கம் அனுப்பவில்லை. டீச்சர், பாவம், நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள், அடுத்த வருஷம் வால் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும் என்று. மோசம் என்னவென்றால், அண்ணிக்கே தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரே சட்டைக்கு மூன்று தடவை அளவெடுத்தாள். கதவை மூடியது தன் கைதான் என்பதை அவளால் தாண்டி வர முடியவில்லை. தூக்கத்தில் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும் என்று அண்ணன் சொன்னான். தங்கையைக் கொன்றிருப்பேனே, தங்கையைக் கொன்றிருப்பேனே என்று வாய்விட்டு அழுதிருக்கிறாள்.

இருபத்து மூன்று நாள் கழித்து, ஒரு மத்தியானம். நான் அண்ணியின் கடையில்தான் இருந்தேன். எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா கோட்டு ஒன்றைச் சின்னதாக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். அளவு கொடுத்த பிறகும் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆலையில் மூடி போடுகிற வேலை பார்த்தவராம். ஊரில் பேசிக்கொள்வதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

அவர் சொன்னது ஆலை மூடுவதற்குப் பல வருஷம் முந்தி நடந்தது. ஒரு நாள் இயந்திரம் கோளாறாகி, பழம் கெட்டுவிடும் என்று எல்லாரையும் குளிர் அறைக்குள் தட்டு அடுக்க அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தாறு பேர். வேலை முடிந்ததும் மேஸ்திரியம்மா வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் தோளில் தொட்டு எண்ணி வெளியே விட்டிருக்கிறாள். இருபத்தாறு. கதவை மூடியிருக்கிறாள். மறுநாள் காலை திறந்தபோது உள்ளே ஒரு பெண் கிடந்தாளாம். பத்தொன்பது வயது. இடது கால் நோகும் என்று எப்போதும் அதைத் தூக்கி வைத்தே நிற்பாளாம். ஆலைக்காரர்கள் விஷயத்தை அமுக்கிவிட்டு, மேஸ்திரியம்மாவை மட்டும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"சாகுற வரைக்கும் சொன்னா, நான் சரியாத்தான் எண்ணினேன்னு. ஒருத்தரும் நம்பல. நானும் வாயத் திறக்கல, பயம்" என்றார். "வரிசையில கடைசி ஆள் நான்தாம்மா. எனக்குப் பின்னாடி உள்ள அவ ஒருத்திதான் இருந்தா. ஆனா நான் வெளிய வந்தப்புறம் மேஸ்திரியம்மா இன்னொரு தோளைத் தொட்டு இருபத்தாறுன்னு சொன்னா. நான் திரும்பிப் பாத்தேன். வந்தது அவ இல்ல."

அண்ணி கையில் இருந்த அளவுநாடா கீழே விழுந்தது. அதை எடுக்காமலே கேட்டாள்.

"அப்ப வெளிய வந்தது யாரு? அதுக்கு முன்னாடி அங்க யாராவது செத்திருக்காங்களாம்மா?"

அந்த அம்மா எழுந்து, கோட்டை எப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டார். வாசல் வரைக்கும் போய்த்தான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லம்மா. அந்தப் பொண்ணுதான் முதல்."